இப்னு பதூதாவின் தொலைந்த குறிப்புகள்

எங்கள் ஊர் மறிச்சுக்கட்டி. மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேசத்தில், வில்பத்துக் காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சின்ன ஊர்தான். ஆனால் அதைச் சுற்றி மர்மங்களுக்குக் குறைவில்லை. தெற்கே காட்டுக்கு அப்பால் குதிரைமலை. அல்லி ராணி ஆண்ட இடம் அது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். வடக்கே அரிப்பில் கடல் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் ஒரு பாழடைந்த கட்டடம் உண்டு. அதற்கும் அல்லிராணிக் கோட்டை என்றுதான் பெயர். உண்மையில் அது ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த்துக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாளிகை. இதைத் தெரிந்தவர்களும் அல்லியின் கோட்டை என்றே சொல்கிறார்கள். நோர்த்தின் மாளிகை என்றால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. அல்லியின் கோட்டை என்றால் அவள் யார், எங்கே போனாள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இலக்கியத்தில் மர்மம் இருந்தால் வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். வரலாற்றில் மர்மம் இருந்தால் என்ன செய்வது? நமக்குப் பிடித்த கதையை அந்த வெற்றிடத்தில் வைத்து நிரப்பலாமா? அல்லது ஆதாரம் இல்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை என்று தள்ளிவிடலாமா? இந்தக் கேள்வி எனக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்கும்போதுதான் வந்தது. இஸ்லாமிய நாகரிகப் பாடத்துக்கான ஓர் ஒப்படைக்காகத்தான் அவரைப் படிக்கத் தொடங்கினேன். ஒப்படை முடிந்து பல மாதங்களாகியும் அவரை விட முடியவில்லை. அவர்தான் இப்னு பதூதா.

தனியே புறப்பட்ட இளைஞர்

மொரோக்கோவின் வடமுனையில், கடலைப் பார்த்தபடி இருக்கும் தாஞ்சியர் நகரில் 1304 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். காழிமார் பலரைத் தந்த குடும்பம் அது. அவரும் மார்க்கச் சட்டம் படித்தார். 1325 இல், 21 வயதில், ஹஜ்ஜுக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்டார். தாயும் தந்தையும் உயிரோடு இருந்தார்கள். துணைக்கு ஒருவரும் இல்லை. வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.

துனிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட வந்தவர்களை ஊரார் வரவேற்று சலாம் சொன்னார்கள். இவருக்குச் சலாம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அழுதுவிட்டார். பிற்காலத்தில் சுல்தான்களோடு பழகிய ஒருவர் இந்த அழுகையை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். விடுதிக்கு முதன்முதல் வந்த நாளில் எனக்கும் இதுவே நடந்ததால், இந்த இடத்தை வாசித்தபோதே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

எகிப்தில் அவருடைய வாழ்வின் முதல் மர்மம் வருகிறது. அலெக்சாந்திரியாவில் ஒரு பெரியார் அவரைப் பார்த்து, நீர் இந்தியாவுக்கும் சிந்துவுக்கும் சீனாவுக்கும் போவீர் என்ற கருத்தில் பேசினாராம். அதுவரை அந்த நாடுகளுக்குப் போகும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. பின்னர் வேறோர் இறைநேசரின் இடத்தில் உறங்கியபோது, ஒரு மாபெரும் பறவை தன்னைச் சிறகில் ஏற்றி மக்காவின் திசையில் கொண்டுபோய், பின் கிழக்கே நெடுந்தூரம் பறந்து, பசுமையான ஓர் இருண்ட நாட்டில் இறக்கிவிடுவதாகக் கனாக் கண்டார். இந்தியாவில் ஆபத்தில் சிக்கும்போது ஒருவர் உம்மைக் காப்பாற்றுவார் என்றும் அந்தப் பெரியார் முன்கூட்டிச் சொல்லியிருந்தார்.

அவர் உண்மையிலேயே மக்கா போனார். ஹஜ்ஜை முடித்தார். ஆனால் வீடு திரும்பவில்லை. ஈராக், பாரசீகம், யெமன், கிழக்காபிரிக்காவின் மொகதிசு, கில்வா, துருக்கி, கொன்ஸ்தாந்திநோபிள், மத்திய ஆசியா என்று சுற்றி 1333 இல் சிந்து நதிக் கரைக்கு வந்து சேர்ந்தார். டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரை டில்லியின் காழியாக நியமித்தார். வாரி வழங்குவதிலும் சிரச்சேதம் செய்வதிலும் அந்தச் சுல்தானுக்கு நிகர் அவரே. ஒரு பெரியாரைச் சந்தித்தார் என்ற சந்தேகத்தில் இப்னு பதூதாவும் காவலில் வைக்கப்பட்டார். தப்பிய பின் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுத் துறவியைப்போல் சில மாதம் வாழ்ந்தார். அப்போதுதான் அதே சுல்தான் அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பத் தீர்மானித்தார்.

டில்லியை விட்டுப் புறப்பட்ட சில நாட்களிலேயே கோயில் என்ற ஊருக்கருகில் (இன்றைய அலிகார்) கொள்ளையரிடம் அகப்பட்டுத் தனித்துப் போனார். பசியும் தாகமுமாகப் பல நாள் அலைந்து விழப்போன நேரத்தில் கறுத்த மனிதர் ஒருவர் வந்து சலாம் சொல்லி, தண்ணீரும் உணவும் கொடுத்து, அவரை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். இப்னு பதூதா கண் விழித்தபோது ஓர் ஊரின் அருகே கிடந்தார். தூக்கி வந்தவரைக் காணவில்லை. எகிப்தில் கேட்ட முன்னறிவிப்பு அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

இதைக் கதையாகப் படித்தால் மெய்சிலிர்க்கிறது. வரலாறாகப் படித்தால் ஒரு சிறு கேள்வி எழுகிறது. எகிப்தில் கண்ட கனவையும் இந்தியாவில் நடந்த சம்பவத்தையும் அவர் ஒருமிக்கச் சொன்னது ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பிறகு. நடந்து முடிந்ததை அறிந்த பின் கனவை நினைத்துப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகத்தானே தெரியும்? அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. ஞாபகம் எல்லோருக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது.

செரெந்தீபின் கரையில்

கள்ளிக்கோட்டையில் தூதுக்குழுவின் கப்பல் புயலில் உடைந்தது. ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கியதால் இவர் தப்பினார். இவருடைய பொருட்களை ஏற்றியிருந்த மற்றக் கப்பல் இவரை விட்டுவிட்டே போய்விட்டது. தொழுகை விரிப்பும் பத்துத் தீனாரும்தான் மிஞ்சின. டில்லிக்குத் திரும்பினால் தலை போகும் என்று பயந்து கடைசியில் மாலைதீவுக்குப் போனார். அங்கே ஆட்சி செய்தவர் கதீஜா என்ற ஒரு முஸ்லிம் பெண்மணி. அது அவருக்கு வியப்பாக இருந்தது. எங்களுக்கு அது பெருமை. அங்கும் காழியாக இருந்து, பல திருமணங்கள் செய்து, அரசியலில் மாட்டிக்கொண்டு, 1344 இல் மஃபருக்குப் புறப்பட்டார். மஃபர் என்பது தமிழ்நாட்டின் கிழக்குக் கரையை அரபிகள் அழைத்த பெயர். மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் திசை மாறி ஒன்பது நாளானது. கடைசியில் கண்ணில் பட்டது புகைத்தூண் போல் வானில் நின்ற ஒரு மலை. பாவாத மலை!

கப்பல் வந்து நின்ற துறையை அவர் பத்தாலா என்கிறார். அது புத்தளம் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் ஆதிக்கத்தில் இருந்த கரை. அந்த அரசனுடைய கப்பல்களுக்கு மாலுமிகள் அஞ்சினார்கள். துறைக்குள் போகத் தலைவன் தயங்கினான். இப்னு பதூதா தன்னைக் கரையிறக்கச் சொல்லி, நான் மஃபர் சுல்தானின் உறவினன் என்று அறிவித்து, அரசனிடம் போனார். அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கியது. மூன்று நாள் விருந்தினராகத் தங்கினார். மரவேலியும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு பட்டினம் அது என்றும், வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுபோல் குவிந்து கிடந்தன என்றும் சொல்கிறார்.

ஒருநாள் அரசனிடம் போனபோது அவன் முன்னால் முத்துகள் குவிக்கப்பட்டிருந்தன. ஏவலர் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாடுகளில் முத்துக்குளிப்பைப் பார்த்ததுண்டா என்று அரசன் கேட்டான். பாரசீக வளைகுடாவில் பார்த்திருப்பதாகவும், ஆனால் இவற்றுக்கு நிகரான முத்துகளைக் காணவில்லை என்றும் இவர் சொன்னார். அரசன் மகிழ்ந்து முத்துகளைக் கொடுத்து, இன்னும் வேண்டியதைக் கேள் என்றான். இவர் வேறொன்றும் கேட்கவில்லை. நபி ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச்சுவட்டைப் பார்க்க வழி செய்து தரும்படி மட்டும் கேட்டார். அரசன் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகளும், பிராமணரும், சுமைகாரரும் கொடுத்து அனுப்பினான். ஒரு முஸ்லிம் பயணிக்கு, ஓர் இந்து அரசன், வேற்றரசர் நிலத்தினூடாக மலையேறத் துணை அனுப்பிய செய்தி இது. இன்றைக்கும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது.

அரசனின் முன் கிடந்த முத்துகள் எந்தப் பாரிலிருந்து வந்தவை என்று நூல் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டின் பெரிய முத்துச் சிப்பிப் பார்கள் எங்கள் மன்னார்க் குடாக் கடலில்தான் இருந்தன. 1906 இல் மறிச்சுக்கட்டிக் கரையிலேயே முத்துக்குளிப்பு நடந்தது. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனார்ட் வூல்ஃப் அப்போது அங்கே அதிகாரியாகக் கடமை பார்த்தார். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளிகாரர்களும் வந்தார்கள். இன்று அந்தக் கரையில் போய் நின்றால் காற்றையும் முட்செடிகளையும் தவிர ஒன்றும் தெரியாது.

என்னுடைய ஏமாற்றம்

மலைக்குப் போகும் வழியில் ஓர் ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்து அவர்கள் முதலில் சேர்ந்த ஊரின் பெயரைப் படித்ததும் நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். மனார் மண்டலி! மன்னார் என்றே முடிவு செய்துவிட்டேன். இப்னு பதூதா எங்கள் மண்ணை மிதித்திருக்கிறார் என்று அன்றிரவே வாப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வாப்பா பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

மறுநாள் வரலாற்று ஆசிரியை இலங்கைப் படத்தை மேசையில் விரித்து, அடுத்த ஊர் எது என்று பார்க்கச் சொன்னார். அடுத்தது பந்தர் சலாவாத். அது சிலாபம். புத்தளத்திலிருந்து தெற்கே சிலாபத்துக்குப் போகிற ஒருவர் இடையில் வடக்கே மன்னாருக்கு வந்திருக்க முடியாது. அந்த மனார் மண்டலி புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையில்தான் இருந்திருக்க வேண்டும். முந்தல் பக்கமென்று கருதுவோர் உண்டு. பெயர் ஒத்திருந்தது. இடம் ஒத்துவரவில்லை.

அதைவிட வலித்தது அதே இடத்தில் இருந்த இன்னொரு செய்தி. அந்த ஊரில் முஸ்லிம்களைக் காணவில்லை என்கிறார். நோய் காரணமாகத் தங்கிவிட்ட குராசான் நாட்டவர் ஒருவரை மட்டுமே கண்டாராம். நான் எங்கள் முன்னோரைத் தேடிப் போனேன். எனக்குக் கிடைத்தது வழியில் நோயுற்ற ஓர் அந்நியர்.

பல நாள் இதை நினைத்து யோசித்தேன். பிறகு ஒன்று விளங்கியது. அவர் இலங்கையில் போன வழி ஒன்று. புத்தளத்தில் இறங்கி, தெற்கே போய், மலையேறி, தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளத்துக்கே திரும்பினார். வடக்கே அவர் வரவேயில்லை. வராத கரையைப் பற்றி அவருடைய மௌனம் எதையும் நிறுவாது. மன்னார்க் கரையின் மாந்தையில் 1980களில் நடந்த அகழ்வில் பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்த மெருகிட்ட மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவை இப்னு பதூதாவுக்கு நூற்றாண்டுகள் முந்தியவை. எங்கள் கரைக்குக் கப்பல்கள் வந்துபோயின என்பதற்கு அந்த உடைந்த சட்டித் துண்டுகள் போதும். ஆனால் அவை யாருடைய வீட்டுச் சட்டி என்று சொல்லமாட்டா. அதற்கு மேல் நானும் சொல்லக்கூடாது.

கொள்ளை போனவை

இலங்கையிலிருந்து மஃபருக்குப் போன கப்பல் கரைக்கருகில் உடைந்தது. கூட வந்தவர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலிலேயே இரவைக் கழித்தார். மறுநாள் கரைவாசிகள் வந்து மீட்டார்கள். மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருடைய மைத்துனர் முறை. இவர் டில்லியில் மணந்த பெண்ணின் சகோதரியைச் சுல்தான் மணந்திருந்தார். உறவென்பதற்காக அவர் கண்ட கொடுமையை மறைக்கவில்லை. போரில் பிடிபட்டவர்களின் பெண்களையும் பிள்ளைகளையும் அந்தச் சுல்தான் கொன்றதைக் கண்டித்தே பதிவு செய்திருக்கிறார். மதுரையில் கொள்ளைநோய் பரவி, சுல்தானும் இறந்தார்.

அங்கிருந்து மேற்குக் கரைக்குப் போன பின்னர்தான் பெரிய இழப்பு வந்தது. மலபார்க் கடலில் கடற்கொள்ளையர் கப்பலைச் சூழ்ந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். இலங்கை அரசன் கொடுத்த மணிகளும் போயின. உடம்பில் ஒரு காற்சட்டை மட்டும் மிஞ்சியது. அந்தக் கோலத்தில் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். புகாரா நகரில் அறிஞர்களின் கல்லறைகளிலிருந்து பிரதி செய்து வைத்திருந்த குறிப்புகளும் கடலில் கொள்ளையரால் போயின என்று அவரே சொல்கிறார்.

முத்தும் மணியும் போனது அவருக்கு நட்டம். குறிப்புகள் போனது நமக்கும் நட்டம். அவருடைய நூலில் இன்றுவரை தீராத பல மர்மங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் பின்னர் வங்காளம், சுமாத்திரா வழியாகச் சீனா போனதாகச் சொல்கிறார். அதில் எவ்வளவு கண்டது, எவ்வளவு கேட்டது என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வொல்கா நதிக் கரையின் புல்கார் நகருக்குப் போனதாகச் சொல்வது, சொன்ன நாட்களுக்குள் நடந்திருக்கவே முடியாது என்று காட்டியிருக்கிறார்கள். திரும்பும் வழியில் 1348 இல் திமிஷ்க் நகரில் பெருங்கொள்ளை நோயைக் கண்டார். முன்பு அங்கே விட்டுச்சென்ற மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன என்றும், தந்தை மௌத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் என்றும் அங்கேதான் அறிந்தார். மொரோக்கோவை நெருங்கும்போது தாயும் அதே நோயில் சில மாதங்களுக்கு முன் போய்விட்ட செய்தி வந்தது. 1325 இல் வீட்டு வாசலில் விட்டுவந்த இருவரில் ஒருவரையும் அவர் மீண்டும் பார்க்கவில்லை.

எங்களைப் போன்ற பெண் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய மர்மம் ஒன்றும் இதிலுண்டு. அவர் போன நாடுகளில் எத்தனையோ திருமணங்கள் செய்தார், பிரிந்தார். பெரும்பாலான அந்தப் பெண்களின் பெயரும் பின்னைய வாழ்வும் நூலில் இல்லை. அரசர்கள் கொடுத்த குதிரைகளையும் அங்கிகளையும் ஞாபகத்தில் வைத்திருந்தவர் அவர்களைப் பற்றிச் சொல்லாமலே கடந்துபோகிறார். அவர்களுக்கும் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். அதைக் கேட்டு எழுத ஒருவரும் இருக்கவில்லை.

நம்பாத அரசவை

பின்னர் அந்தலூசையும் சஹாராவுக்கு அப்பால் மாலி நாட்டையும் பார்த்துவிட்டு, 1354 இல் பெஸ் நகருக்குத் திரும்பினார். சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, இப்னு ஜுஸய் என்ற இளம் புலவர் அவர் சொல்லச் சொல்ல எழுதினார். 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். அவர் பயணம் செய்த தூரம் சுமார் 1,17,000 கிலோமீற்றர் எனக் கணக்கிடப்படுகிறது. புலவரோ அழகுபடுத்தத் தெரிந்தவர். மக்கா, மதீனா, திமிஷ்க் வருணனைகளில் பல, 12ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்து வைக்கப்பட்டவை. எனவே நூலில் இரண்டு குரல்கள் கலந்திருக்கின்றன. எது பயணியுடையது, எது புலவருடையது என்பது இன்னொரு மர்மம்.

அரசவையில் பலர் இவரை நம்பவில்லை. டில்லி சுல்தானின் செல்வத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, பொய்யன் என்று காதோடு காதாகப் பேசினார்கள். அப்போது அந்த அவையில் இருந்த இளைஞர் ஒருவர் பின்னாளில் உலகம் போற்றும் வரலாற்றறிஞரானார். அவர் இப்னு கல்தூன். தானும் சந்தேகப்பட்டதாக அவரே தன் முகத்திமாவில் எழுதியிருக்கிறார். சந்தேகத்தை வசீர் பாரிஸிடம் சொன்னபோது, வசீர் ஒரு கதை சொன்னாராம். ஓர் அமைச்சரைச் சிறு மகனோடு அரசன் சிறையில் போட்டான். மகன் சிறையிலேயே வளர்ந்தான். உணவில் வரும் இறைச்சி எதனுடையது என்று கேட்டான். ஆடு என்று தந்தை விவரித்தார். அப்படியானால் அது எலியைப்போல் இருக்குமா என்று மகன் கேட்டான். மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதே கேள்விதான். அந்தச் சிறையில் அவன் கண்ட ஒரே பிராணி எலி.

காணாததை எல்லாம் பொய் என்று சொல்லாதே என்பது வசீரின் பாடம். ஆனால் இப்னு கல்தூன் அதோடு நிற்கவில்லை. கேட்டதை எல்லாம் நம்பவும் சொல்லவில்லை. இது நடந்திருக்கக் கூடியதா என்று நிறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆசிரியை படத்தை விரித்து என்னைப் பார்க்கச் சொன்னதும் இதைத்தான்.

நூலை முடித்த பின் இப்னு பதூதா மொரோக்கோவில் ஓர் ஊரில் காழியாக இருந்து 1368 அல்லது 1369 இல் வபாத்தானார் என்பர். தாஞ்சியரில் அவருடையதென்று ஒரு கப்று காட்டப்படுகிறது. உறுதியாகச் சொல்வாரில்லை. இளம் புலவர் நூல் முடிந்த சிறிது காலத்தில் இறந்துவிட்டார். நூலும் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்குத் தெரியாமல் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவிலிருந்து கிடைத்த கையெழுத்துப் பிரதிகள் மூலம் 1853 முதல் 1858 வரை பாரிஸில் முழுமையாக அச்சேறியது.

உம்மும்மாவின் கிணறு

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதினேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் வெளியேறியது. உம்மும்மா கையில் என் உம்மாவையும் ஒரு துணிப் பொட்டலத்தையும் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. காணி உறுதி பெட்டகத்தில் இருந்தது. பெட்டகம் வீட்டில் இருந்தது. இருபது வருடம் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் கழிந்தது. யுத்தம் முடிந்து திரும்பியபோது ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது.

ஓர் அலுவலகத்தில் உறுதியைக் கேட்டார்கள். உம்மும்மா வாயால் சொன்னார். பள்ளிவாசலுக்கு வடக்கே எங்கள் கிணறு, கிணற்றடியில் புளியமரம், அதற்கு அப்பால் மூத்தவாப்பாவின் மாட்டுப் பட்டி என்றார். கேட்டவர் சிரித்தார். ஞாபகத்தை வைத்துக் காணி தரமுடியுமா என்ற சிரிப்பு. பெஸ் அரசவையிலும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு மாமாமார் கத்தியோடு போய்ப் பற்றையை வெட்டினார்கள். கிணறு இருந்தது. கட்டு இடிந்து, வேர்கள் இறங்கி, ஆனால் இருந்தது. பள்ளிக்கு வடக்கே அல்ல, கிழக்கே. புளியமரம் இல்லை. உம்மும்மா திசையைப் பிழையாகச் சொல்லியிருந்தார். ஆனால் கிணற்றைப் பிழையாகச் சொல்லவில்லை.

இப்னு பதூதாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கிணறுதான் ஞாபகம் வரும். எழுத்து தொலைந்தவர்களின் கதையில் திசைகள் பிழைக்கும், ஆண்டுகள் மாறும், சில மரங்கள் இல்லாமலும் போகும். அதற்காகக் கிணறே இல்லை என்று சொல்பவர் அந்தச் சிறையில் வளர்ந்த பிள்ளையைப் போன்றவர். சொன்ன எல்லாவற்றையும் அப்படியே நம்பி மேலும் இரண்டு மரம் நட்டுவைப்பவர் அல்லிக்குக் கோட்டை கட்டியவர். இரண்டும் வேண்டாம். கத்தியை எடுத்துக்கொண்டு பற்றையை வெட்டிப் பார்ப்பதே வரலாறு படிக்கிறவர்களின் வேலை.

மர்மம் இலக்கியத்துக்கு அழகு என்பதில் எனக்கு மறுப்பில்லை. பறவைக் கனவு இல்லாத இப்னு பதூதாவை நான் இவ்வளவு விரும்பியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு சமூகத்தின் வாழ்க்கை மர்மமாக மாறுவது அழகல்ல. அது எழுதாமல் விட்டதால் வருவது.

உம்மும்மாவுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்த விடுமுறையில் ஒரு கொப்பி வாங்கி, ஊரின் ஒவ்வொரு வளவையும், கிணற்றையும், யார் மகள் யாருக்கு எங்கே வாழ்க்கைப்பட்டார் என்பதையும் அவர் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியிருக்கிறேன். பிழையாக ஞாபகமிருக்கும் இடங்களில் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவைக்கிறேன். அழகுபடுத்த மாட்டேன் என்று தீர்மானித்திருக்கிறேன். தங்கைகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். கொப்பியை எடுக்க மறக்காதீர்கள்.